ஆறு வெற்றுக் கட்டங்கள்

“டாக்டர், அம்மாவின் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது. நாற்றமும் வருகிறது. நேற்றிலிருந்து ஆள் குழம்பிப் போயிருக்கிறார்.”

இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசியில் நான் சொன்னது இவ்வளவுதான். மறுமுனையில் இருந்த மருத்துவர் அவரைப் பார்த்திருக்கவில்லை. அந்த நேரத்தில் வந்து பார்க்கவும் வழியில்லை. என் மூன்று வாக்கியங்கள்தான் அவருக்குக் கண்ணும் கையும். சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக், காலையும் இரவும், ஏழு நாள் என்றார். எழுதிக்கொண்டு தொலைபேசியை வைத்தபோது, கடமையைச் சரியாகச் செய்துவிட்ட நிம்மதி எனக்கு இருந்தது.

முதியோர் இல்லங்களில் செவிலியராக 16 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அந்த இரவு வந்தது ஐந்தாம் ஆண்டில். அதே மூன்று வாக்கியங்களை இன்றும் ஏதோ ஓர் இல்லத்தில் யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார் என்பதால்தான் இதை எழுதுகிறேன். வயதான பெற்றோரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களும் மருத்துவரிடம் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு வயது 84. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் அறைக்குள் நுழைந்ததும், “இன்றைக்குத் தேதி என்ன, சொல்லு பார்ப்போம்” என்பார். அவருக்குத் தேதி எப்போதும் தெரியும். நமக்குத் தெரிகிறதா என்று பார்ப்பார். அப்படிப்பட்டவர் அன்று என்னைத் தன் அக்காவின் பெயர் சொல்லி அழைத்தார். திருத்தாமல் விட்ட விடைத்தாள்களைக் கட்டிலுக்கு அடியில் தேடினார். மாலையில் சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்தேன். நைட்ரைட் கட்டமும் வெள்ளையணுக் கட்டமும் நிறம் மாறின. சந்தேகமே இல்லை, சிறுநீர்த் தொற்று என்று முடிவு கட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள், சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வந்தது. ஈ.கோலை கிருமி, ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேல். நான்காம் நாள் காலை அவர் மறுபடியும் என்னிடம் தேதி கேட்டார். மாத்திரை கேட்டுவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். நான்தான் அதிகம் மகிழ்ந்தேன்.

மாத்திரை முடிந்து ஒன்பதாம் நாள் வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஒரே நாளில் பதினொரு முறை. காய்ச்சல், வயிற்று வலி, அதன்பின் எழுந்து உட்காரவும் முடியாத சோர்வு. மருத்துவமனையில் சேர்த்து மலத்தைப் பரிசோதித்தபோது க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்று வந்தது. குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை ஆன்டிபயாடிக் அழித்துவிட்ட இடத்தில் பெருகி, நஞ்சை உமிழ்ந்து பெருங்குடலைப் புண்ணாக்கும் கிருமி அது. முதியவர்களுக்கு உயிராபத்தானது. அவர் பிழைத்தார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தவர் அதன் பிறகு தனியாக நடக்கவேயில்லை. அதற்குள் பக்கத்து அறையில் இருந்த ஒருவருக்கும் அதே நோய் வந்திருந்தது. ஆல்கஹால் கைத்திரவம் இந்தக் கிருமியின் வித்துகளை அழிக்காது. சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவினால்தான் போகும். அது தெரியாமல் நாங்கள் கைத்திரவத்தைப் பூசிக்கொண்டே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

அவர் மருத்துவமனையில் இருந்தபோது, அங்கே கேட்டார்கள் என்று பழைய பதிவுத் தாள்களை எடுத்துப் புரட்டினேன். மலம் கழித்த விவரம் எழுதும் தாளில், நான் மருத்துவரை அழைத்த நாளுக்கு முந்தைய ஆறு நாட்களின் கட்டங்களும் வெறுமையாக இருந்தன. முதலில் யாரோ எழுத மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. எழுதுவதற்கு எதுவும் நடக்கவில்லை. ஆறு நாட்களாக அவருக்கு மலம் போகவில்லை. மருந்துத் தாளைப் பார்த்தேன். உடல் அரிப்புக்காக, தூக்கம் வரவைக்கும் வகை ஒவ்வாமை மாத்திரை ஒன்று, நான் அழைப்பதற்கு மூன்று நாள் முன்னால்தான் தொடங்கியிருந்தது. வயதானவர்களுக்கு அந்த வகை மாத்திரை மலத்தைக் கட்டும், சிறுநீரைத் தேக்கும், மூளையைக் குழப்பும். ஆன்டிபயாடிக் தொடங்கிய இரண்டாம் நாள், காலைப் பணியில் இருந்த செவிலியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து எனிமா கொடுத்திருந்தார். அன்றோடு அரிப்பு மாத்திரையும் முடிந்திருந்தது.

எது அவரைத் தெளியவைத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் கல்ச்சர் முடிவோடு சேர்த்து அந்த மூன்று தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, மாத்திரைதான் தெளியவைத்தது என்று என்னால் நம்பவும் முடியவில்லை.

கல்ச்சரில் கிருமி வந்ததே என்று கேட்கலாம். அன்று நானும் அப்படித்தான் கேட்டேன். பதில் தேடிப் படித்தபோதுதான், பயிற்சிக் காலத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்தது. நீண்டகாலப் பராமரிப்பில் வாழும் வயதான பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேரின் சிறுநீரில், எந்தத் தொல்லையும் இல்லாமலே கிருமிகள் இருக்கும். ஆண்களிலும் கணிசமானவர்களுக்கு உண்டு. சிறுநீர்க்குழாய் நீண்ட நாள் பொருத்தப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே இருக்கும். அவை அங்கே தங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். அதை அறிகுறியற்ற சிறுநீர்க் கிருமி நிலை என்கிறார்கள். அந்தக் கிருமிகளோடு வெள்ளையணுக்களும் இருப்பது சாதாரணம். அப்படியென்றால், ஏதோ ஒரு காரணத்தால் குழம்பிப் போயிருக்கும் ஒரு பாட்டியின் சிறுநீரை எடுத்துச் சோதித்தால், நான்கில் ஒன்று முதல் இரண்டில் ஒன்று வரையான வாய்ப்பில் கிருமி அகப்படும். அகப்பட்டதுதான் குற்றவாளி என்று நாம் தீர்ப்பெழுதிவிடுகிறோம். உண்மையான காரணத்தைத் தேடுவது அத்தோடு நின்றுவிடுகிறது. மாத்திரையின் பக்கவிளைவை விட இந்தத் தேடல் நின்றுபோவதுதான் பல சமயம் பெரிய தீங்கு என்று நான் நினைக்கிறேன். இருதயத் தாளம் மாறியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து சொல்லத் தெரியாமல் இருக்கலாம்; “சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து போய்க்கொண்டிருக்கிறது” என்று நாம் ஏழு நாள் நிம்மதியாக இருப்போம்.

அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி இதை நேராகவே சொல்கிறது. சிறுநீரில் கிருமி உள்ள முதியவருக்குத் திடீர்க் குழப்பம் வந்தால் அல்லது அவர் கீழே விழுந்தால், சிறுநீர்ப் பாதை சார்ந்த அறிகுறிகளும் காய்ச்சல், இரத்த அழுத்தச் சரிவு போன்ற உடல் முழுதுமான அடையாளங்களும் இல்லாத நிலையில், உடனே ஆன்டிபயாடிக் கொடுக்காமல் மற்ற காரணங்களைத் தேடிக் கவனமாகக் கண்காணிக்க வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றைக் கண்டறியச் சோதனைப் பட்டையைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டனின் வழிகாட்டிகள் கூறுகின்றன. எங்கள் இல்லத்தில் அந்தப் பட்டைப் புட்டியை மருந்து வண்டியிலிருந்து எடுத்துவிடவே எனக்கு ஓராண்டு பிடித்தது. கையில் இருந்தால் நனைத்துப் பார்க்கத் தோன்றும். நிறம் மாறினால் யாருக்காவது சொல்லத் தோன்றும். சொன்னால் மருந்து வரும்.

நாற்றத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் நாறுவதும் கலங்குவதும் தொற்றின் அடையாளம் என்பது எங்கள் தொழிலில் ஆழ வேரோடிய நம்பிக்கை. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், சில மாத்திரைகளாலும், நனைந்த டயப்பர் நேரத்துக்கு மாற்றப்படாமல் கிடந்தாலும் நாற்றம் வரும். இப்போது யாராவது “நாறுகிறது” என்று வந்து சொன்னால், “கடைசியாக எப்போது மாற்றினோம், இன்று எத்தனை தம்ளர் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது?” என்றுதான் கேட்கிறேன்.

அப்படியானால் எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்? சிறுநீர் கழிக்கும்போது புதிதாக எரிச்சல் அல்லது வலி. அடிவயிற்றில், அல்லது விலாவுக்குக் கீழே முதுகின் பக்கவாட்டில் வலி. வழக்கத்தை விடத் திடீரென்று அதிகமான அவசரமும் அடிக்கடி போவதும். இதுவரை அடக்க முடிந்தவருக்குப் புதிதாக அடக்க முடியாமல் போவது. கண்ணுக்குத் தெரியும் இரத்தம். இவற்றோடு காய்ச்சல் அல்லது நடுக்கம். கனடாவைச் சேர்ந்த மார்க் லோப் தலைமையில் நிபுணர்கள் கூடி, நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் ஆன்டிபயாடிக் தொடங்கக் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2001-இல் வகுத்தார்கள். 2005-இல் அவருடைய குழு 24 இல்லங்களில் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. இப்படிப்பட்ட அளவுகோலைப் பின்பற்றிய இல்லங்களில் சிறுநீர்த் தொற்றுக்கென்று கொடுத்த ஆன்டிபயாடிக் குறைந்தது. மருத்துவமனைச் சேர்க்கையோ இறப்போ கூடவில்லை. என் பயத்தைத் தணித்தது இந்த இரண்டாவது பாதிதான். கொடுக்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்தானே இரவில் எங்களைத் தொலைபேசியை எடுக்கவைக்கிறது.

சிறுநீர்க்குழாய் போட்டவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. எரிச்சலை அவர்களால் உணர்ந்து சொல்ல முடியாது. அவர்களுக்குக் காய்ச்சல், நடுக்கம், முதுகுப் பக்க வலி, புதிதாக வந்த குழப்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே லோப் அளவுகோல்படி மருத்துவரிடம் பேச வேண்டும். மாதிரியை ஒருபோதும் சிறுநீர் சேரும் பையிலிருந்து எடுக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருந்த குழாய் என்றால், புதிய குழாய் மாற்றி அதன் வழியே வரும் சிறுநீரைத்தான் அனுப்ப வேண்டும். பழைய குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் கிருமிப் படலத்தைச் சோதித்து என்ன பயன்? எடுத்த மாதிரியை மேசையிலேயே மணிக்கணக்கில் விட்டுவிட்டு, அதில் பெருகிய கிருமிக்கு மருந்து கொடுத்த காலமும் எங்களுக்கு உண்டு. உடனே அனுப்ப முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

பேச முடியாதவர்களிடம் இந்த அறிகுறிகளை எப்படிக் கேட்பது என்று புதிதாக வரும் செவிலியர்கள் கேட்பார்கள். கேட்க முடியாது, பார்க்கத்தான் வேண்டும். சிறுநீர் போகும் நேரத்தில் முகம் சுருங்குகிறதா, தொடையை இறுக்கிக்கொள்கிறாரா, அடிவயிற்றில் கை வைத்தால் நம் கையைத் தட்டிவிடுகிறாரா. இதையெல்லாம் முதலில் கவனிப்பவர்கள் செவிலியர்களோ மருத்துவர்களோ அல்ல. குளிப்பாட்டி, துடைத்து, ஆடை மாற்றிவிடும் பராமரிப்பு உதவியாளர்கள்தான். “அக்கா, இன்றைக்குத் தாத்தா வேறு மாதிரி இருக்கிறார்” என்று அவர்கள் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு எந்தச் சோதனைப் பட்டையை விடவும் மதிப்பு அதிகம். அவர்களை உட்காரவைத்து, “வேறு மாதிரி என்றால் எப்படி?” என்று கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்குவதுதான் நான் கற்றுக்கொண்ட மிக உபயோகமான பழக்கம்.

காய்ச்சலுக்கும் முதியவர்களிடம் தனிக் கணக்கு உண்டு. இளையவருக்கு 102 வரும் இடத்தில் இவர்களுக்கு 99.5 மட்டும் வரலாம். வாயில் வைத்து ஒரு முறை அளந்தாலும் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், அல்லது திரும்பத் திரும்ப 99-ஐத் தாண்டினால், அல்லது அவருடைய வழக்கமான அளவை விட 2 டிகிரி கூடினால் காய்ச்சல் என்றே கொள்ள வேண்டும். வழக்கமான அளவு என்ன என்று தெரிய வேண்டுமானால் அவர் நலமாக இருக்கும்போது அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும். நாங்கள் இப்போது மாதம் ஒருமுறை அளந்து கோப்பின் முதல் பக்கத்தில் எழுதுகிறோம். வெப்பநிலையோடு இரத்த அழுத்தம், நாடி, மூச்சு எண்ணிக்கை, நினைவு தெளிவாக இருக்கும்போது எப்படிப் பேசுவார் என்ற இரண்டு வரியும் உண்டு.

மூச்சு எண்ணிக்கையை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஆசிரியையின் நிகழ்வுக்குப் பிறகு சில மாதங்கள் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆன்டிபயாடிக் என்ற சொல்லைக் கேட்டாலே தயங்கினேன். ஒரு மாலை, ஒரு பெரியவர் சாப்பிட மறுத்துப் படுத்திருந்தார். வெப்பநிலை 99.3. இருமல் இல்லை, வலி இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று குறிப்பெழுதப் போனேன். உதவியாளர் பெண், “மூச்சு வேகமாக வாங்குகிறது அக்கா” என்றார். ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 30. உடலில் ஆக்சிஜன் அளவு 88. அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நிமோனியா. அங்கே முதல் மணி நேரத்திலேயே ஊசி வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். எட்டாம் நாள் நடந்து வந்தார். நிமிடத்துக்கு 25 மூச்சும் அதற்கு மேலும் என்றால் முதியவரிடம் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். மூச்சு வேகம், இரத்த அழுத்தம் சரிவது, உலுக்கும் நடுக்கம், எழுப்பினாலும் எழாத மந்தம், சிறுநீர் அளவு வெகுவாகக் குறைவது ஆகிய எதைக் கண்டாலும் காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை. பொறுத்துப் பார்ப்பது, நிலையாக இருப்பவருக்கு மட்டும்தான். அந்த மாலையை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்கும்.

நிலையாக இருக்கிறார், ஆனால் குழம்பியிருக்கிறார் என்றால் நாங்கள் செய்வது இதுதான். இரத்தச் சர்க்கரையும் ஆக்சிஜனும் உடனே. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மலத் தாளைப் பின்னோக்கிப் புரட்டுவோம். சிறுநீர்ப்பை நிரம்பித் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். கடந்த இரண்டு வாரத்தில் எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது, எதன் அளவு மாறியது என்று எழுதுவோம். வலி இருக்கிறதா, விழுந்தாரா, இரவு தூங்கினாரா, கண்ணாடியும் காதுக் கருவியும் அவரிடம் இருக்கின்றனவா என்று பார்ப்போம். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ காரணமாக மருத்துவர் தண்ணீரைக் கட்டுப்படுத்தியிருக்காவிட்டால், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைப்போம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லா அளவுகளையும் எடுப்போம். இதை 24 முதல் 48 மணி நேரம் செய்வோம். எதுவும் செய்யாமல் காத்திருக்கிறோம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். ஒரு மாத்திரையைக் கொடுப்பதை விடப் பத்து மடங்கு வேலை இது. ஆட்கள் போதாத இரவுகளில் மாத்திரை ஏன் எளிதாகத் தோன்றுகிறது என்பது எனக்கு நன்றாகப் புரியும். இல்லத்தை நடத்துபவர்கள் போதிய ஆட்களைப் போடாமல் ஆன்டிபயாடிக்கைக் குறைக்கச் சொல்வது நியாயமில்லை என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மருத்துவரை அழைக்கும் முறையையும் மாற்றினோம். இப்போது தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. என்ன மாறியது, எப்போதிலிருந்து. வழக்கமான அளவுகளும் இப்போதைய அளவுகளும். உள்ள அறிகுறிகள், இல்லாத அறிகுறிகள். ஒவ்வாமை, சிறுநீரகச் செயல்பாட்டின் கடைசி முடிவு, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்கிறாரா. நாங்கள் இதுவரை என்ன செய்தோம். இதில் “இல்லாத அறிகுறிகள்” என்பதைச் சேர்த்ததுதான் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. “குழப்பம் இருக்கிறது டாக்டர். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை, மலம் போய் ஐந்து நாள் ஆகிறது” என்று சொன்னால் மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதுவதில்லை. எழுதும்படி அவரைத் தள்ளியது பெரும்பாலும் எங்கள் வாக்கிய அமைப்புதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு வரியையும் சொல்லப் பழகினோம்: “இன்றிரவு மருந்து வேண்டாமென்றால், நாங்கள் நான்கு மணிக்கொரு முறை பார்த்து, காலை ஆறு மணிக்கு உங்களை அழைக்கிறோம்.” தூரத்தில் இருக்கும் மருத்துவருக்கு அந்த உறுதி தேவைப்படுகிறது.

குடும்பத்தாருக்கும் தேவைப்படுகிறது. ஒரு பெரியம்மாவின் மகன் வெளியூரிலிருந்து அழைத்து, “சிஸ்டர், போன தடவை அம்மா இப்படிப் பேசியபோது ஆன்டிபயாடிக் கொடுத்துத்தானே சரியானது? ஒரு கோர்ஸ் கொடுத்துவிடுங்களேன். கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?” என்றார். அந்தக் கோபத்துக்குள் இருந்தது, பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்ற துயரம். அதை முதலில் மதிக்க வேண்டும். “வழிகாட்டியில் இப்படி இருக்கிறது” என்று தொடங்கினால் பேச்சு முறிந்துவிடும். நான் சொன்னேன்: “அண்ணா, அம்மாவை விட்டுவிடவில்லை. இப்போது அவர் பக்கத்தில்தான் நிற்கிறேன். காய்ச்சல் இல்லை, இரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது. புதிதாகத் தொடங்கிய வலி மாத்திரை மேல் எங்களுக்குச் சந்தேகம். டாக்டரும் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். இரவு இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் நானே உங்களை அழைக்கிறேன். நடுவில் காய்ச்சல் வந்தால் அந்த நிமிடமே அழைப்பேன்.” இரண்டு மணிக்கு அழைத்தபோது முதல் மணியிலேயே எடுத்தார். தூங்கவில்லை. மறுநாள் மாலை அம்மாவே அவரிடம் பேசினார்.

“என்ன குறைந்துவிடும்” என்ற கேள்விக்கு நேரான பதிலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நான் அன்று நிம்மதியாக எழுதிக்கொண்ட சிப்ரோஃப்ளாக்ஸசின், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு, குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாரை வீங்கவைக்கவோ அறுக்கவோ கூடும். சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கலாம். குழப்பத்துக்கென்று கொடுத்த மருந்தே குழப்பத்தை உண்டாக்கலாம். கோட்ரைமாக்ஸசோல் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக், சில வகை இரத்த அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்தால் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். அதுவும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தக் கசிவை வரவழைக்கலாம். பத்துப் பன்னிரண்டு மாத்திரை எடுக்கும் ஒருவருக்கு, சிறுநீரகம் பாதி வேகத்தில் ஓடும் வயதில், “ஒரு கோர்ஸ்” என்பது சின்ன விஷயமில்லை.

சிறுநீருக்கு அடுத்தபடியாகத் தேவையில்லாமல் மருந்து போவது மார்புச் சளிக்கு. சளி பச்சையாக இருப்பது மட்டும் பாக்டீரியாவுக்குச் சாட்சி ஆகாது. சாதாரண வைரஸ் இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும். மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், காய்ச்சல் ஆகிய மூன்றும்தான் வழிகாட்ட வேண்டும். கால் சிவப்பும் அப்படித்தான்: இரண்டு கால்களும் ஒரே மாதிரி சிவந்து வீங்கியிருந்தால் பெரும்பாலும் அது இரத்தநாளத் தேக்கம். காலை உயர்த்தி வைத்தால் சிவப்பு குறைகிறதா என்று பாருங்கள்.

ஆன்டிபயாடிக் உண்மையிலேயே தேவைப்பட்டால், தொடங்குவதோடு எங்கள் வேலை முடிவதில்லை. எதற்காக, எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் முடியும் என்ற மூன்றும் மருந்துத் தாளில் இல்லாவிட்டால் மருத்துவரை மறுபடி அழைத்துக் கேட்கிறோம். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றால், ஓர் அம்மாவின் தாளில் நைட்ரோஃபியூரண்டாயின் என்ற ஆன்டிபயாடிக் தினமும் ஒன்று என்று இரண்டு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருந்தது. யார் தொடங்கினார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு மாதமும் பழைய தாளைப் பார்த்துப் புதிய தாளில் எழுதியிருக்கிறோம். நீண்ட காலம் எடுத்தால் நுரையீரலைக் கெடுக்கக்கூடிய மருந்து அது. அவருக்கு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்து, நுரையீரல் மருத்துவர் மருந்துப் பட்டியலைக் கேட்டபோதுதான் வெளிப்பட்டது.

48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு மறுபார்வை வேண்டும். கல்ச்சர் முடிவு வந்ததா, மருந்து பொருந்துகிறதா, ஊசியை மாத்திரையாக மாற்றலாமா, தொற்றே இல்லையென்றால் நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்பது. “தொடங்கினால் முழுக் கோர்ஸையும் முடித்தே ஆக வேண்டும்” என்று எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நாமாக நடுவில் நிறுத்தக் கூடாது என்ற வரையில் அது சரி. ஆனால் தொற்று இல்லை என்று தெரிந்த பிறகு மீதி மாத்திரையை விழுங்கவைப்பதில் எந்த நன்மையும் இல்லை. மருத்துவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதே சரி. பல தொற்றுகளுக்கு முன்பு கொடுத்த பத்து நாளுக்குப் பதில் ஐந்து நாளே போதும் என்பதும் இன்று தெளிவாகியிருக்கிறது. மீந்த மாத்திரை அலமாரியில் இருக்கக் கூடாது. ஒருவருடைய மீதியை இன்னொருவருக்குக் கொடுத்த நிகழ்வை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதுவும் முழு நல்லெண்ணத்தோடு கொடுத்தது.

கோப்பில் “பென்சிலின் ஒவ்வாமை” என்று சிவப்பு மையில் எழுதியிருந்தால் அதையும் ஒருமுறை விசாரியுங்கள். நூறு பேரில் பத்துப் பேர் அப்படிச் சொல்வார்கள். முறையாகப் பரிசோதித்தால் அந்தப் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பென்சிலினைத் தாங்கிக்கொள்வார்கள். எங்கள் பெரியவர் ஒருவருக்கு ஐம்பது ஆண்டுக்கு முன் அந்த மாத்திரை சாப்பிட்டபோது வயிறு புரட்டியதாம், அவ்வளவுதான். அந்தச் சிவப்பு எழுத்தால் அவருக்குத் தேவையை விட வீரியமான மருந்துகளையே கொடுத்துவந்தோம். மருத்துவர் பார்த்து முடிவு செய்து அதை நீக்கினார். நாமாக நீக்கக் கூடாது. எப்போது, என்ன நடந்தது என்று கேட்டு எழுதி அவர் கண்ணில் படவைக்கலாம்.

தொற்றே வராமல் பார்த்துக்கொள்வது பற்றி நீளமாக எழுத ஆசை, ஆனால் அதில் புதுமை ஏதும் இல்லை. தினமும் காலையும் இரவும் பல்லையும் பல்செட்டையும் வாயையும் சுத்தம் செய்தால் நிமோனியா குறையும். சிறுநீர்க்குழாய் இன்றும் தேவையா என்று தினமும் கேட்டு, தேவையில்லாத அன்றே எடுத்துவிட வேண்டும். எங்கள் இல்லத்தில் ஒரே மாதத்தில் நான்கு குழாய்களை எடுத்தோம். நான்கும் மருத்துவமனையில் போட்டு, யாரும் எடுக்க நினைக்காதவை. ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள், எங்களுக்கும் ஃப்ளூ தடுப்பூசி. திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூசும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உதவும் என்பதை மருத்துவரிடம் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள், கேளுங்கள்.

ஓர் இல்லத்தில் ஒருவருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் அவரோடு நிற்பதில்லை. அதே கழிவறை, அதே கைகள், அதே சக்கர நாற்காலி. மருந்துக்கு அடங்காத கிருமி ஒருவர் குடலில் உருவானால், அது அந்தத் தளம் முழுவதும் பரவிவிடலாம். அவர் மருத்துவமனைக்குப் போனால் அங்கேயும் போகும். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டு எங்கள் இல்லத்திலேயே ஒருவரின் கல்ச்சர் முடிவில், வாய்வழி எடுக்கக்கூடிய எல்லா மருந்துகளுக்கும் நேராக “எதிர்ப்பு” என்றே அச்சாகியிருந்தது. காய்ச்சலும் நடுக்கமுமாக இருந்தவருக்கு நரம்பு வழி ஊசிதான் ஒரே வழி. அதற்காக, தன் அறையையும் தன் ஜன்னலையும் விட்டுப் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தார். முந்தைய ஓராண்டில் அவருக்கு ஐந்து முறை ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தோம். அதில் எத்தனை தேவைப்பட்டவை என்று உட்கார்ந்து எண்ணினேன். இரண்டு.

கணக்கு ஆசிரியை அதன் பிறகு பதினான்கு மாதம் இருந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தேதி கேட்பார். அவர் காலமான சில வாரங்களுக்குப் பிறகு, பொருட்களை எடுத்துப்போக வந்த மகள், “சிஸ்டர், ஒன்று கேட்கலாமா? அந்த முதல் மாத்திரை அம்மாவுக்குத் தேவைப்பட்டதா?” என்றார். எனக்கு வேறு பதில்கள் இருந்தன. அப்போது தெரிந்தது அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் எழுதியது என்றும் சொல்லியிருக்கலாம். “தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன் அம்மா. நான் சரியாகப் பார்க்கவில்லை” என்றேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு அந்தத் தாள்களைக் காட்ட முடியுமா என்று கேட்டார். நிர்வாகத்திடம் அனுமதி பெற்றுக் காட்டினேன். வெறுமையாக இருந்த கட்டங்களை விரலால் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினார், அவர் அம்மா எண்ணுவது போலவே. “புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள்” என்றார்.

பெயரையும் வயதையும் மறைத்து நகல் எடுத்து வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்தில், மருந்துத் தாளோடும் கல்ச்சர் முடிவோடும் சேர்த்து அதைக் கையில் கொடுத்து, இவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் கல்ச்சர் முடிவைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அந்த ஆறு கட்டங்களுக்கு அவர்களே வந்துசேரும் வரை நான் எதுவும் சொல்வதில்லை.